காற்றில் விளைந்த கத்தரிக்காய்

போன தை மாதம் மாடியிலிருந்து ஒரு முறம் கத்தரிக்காய் பறித்துக்கொண்டு இறங்கினேன். அம்மா முறத்தைக் கையில் வாங்கி, எடை பார்ப்பதுபோல் இரண்டு தடவை தூக்கிப் பார்த்தார். "கார்த்திகையிலேர்ந்து பறிச்சுக்கிட்டே இருக்கே. பையில மண்ணு மட்டும் அப்படியே இருக்குதே. கழனியில வெளைஞ்சா பூமி குடுக்குதுன்னு சொல்லலாம். இது ஒரு பை. இத்தனை காயும் எங்கேருந்துப்பா வருது?" என்றார்.

அம்மா செங்கல்பட்டுப் பக்கம் கழனி வேலை பார்த்து வளர்ந்தவர். சென்னையில் எங்கள் மொட்டை மாடியில் தட்டோட்டின்மேல் வரிசையாக நிற்கும் பைகளை அவர் சந்தேகத்தோடுதான் பார்ப்பார். ஆனால் அவர் கேட்டது பெரிய கேள்வி. கிட்டத்தட்ட நானூறு ஆண்டுகளுக்கு முன் இதே கேள்வியைக் கேட்ட ஒருவர், விடை காண ஒரு தொட்டியில் மரக்கன்றை நட்டு ஐந்து வருடம் காத்திருந்தார்.

அவர் பெயர் யான் பாப்டிஸ்டா வான் ஹெல்மான்ட். இன்றைய பெல்ஜியத்தில், பிரஸ்ஸல்ஸ் பக்கம் வாழ்ந்த மருத்துவர். உலையில் காயவைத்த 200 பவுண்டு மண்ணை, நம் கணக்கில் சுமார் 90 கிலோ, தொட்டியில் கொட்டி, 5 பவுண்டு எடையுள்ள வில்லோ மரக்கன்றை நட்டார். தூசி விழாதபடி தொட்டியின் வாயைத் துளையிட்ட தகட்டால் மூடினார். தண்ணீர் தவிர வேறெதையும் இடவில்லை. ஐந்து ஆண்டு முடிந்ததும் மரத்தை நிறுத்தார். 169 பவுண்டுக்குச் சற்று அதிகம். உதிர்ந்த இலைகள் இதில் சேராது. மண்ணை மறுபடி காயவைத்து நிறுத்தார். குறைந்திருந்தது 2 அவுன்ஸ், 60 கிராம்கூட இல்லை.

மண் மரமாக மாறவில்லை, ஆகவே தண்ணீர்தான் மரமாயிற்று என்று அவர் முடிவு கட்டினார். பாதி சரி. அவர் 1644இல் இறந்தார். 1648இல் அவருடைய மகன் பதிப்பித்த நூலில் இந்தச் சோதனை வெளிவந்தது. இதில் என்னை நெகிழவைக்கும் செய்தி இன்னொன்று. 'கேஸ்' என்ற சொல்லை உண்டாக்கியவர் இதே ஹெல்மான்ட்தான். மரக்கரி எரியும்போது கண்ணுக்குத் தெரியாத ஒரு வாயு வெளியேறுகிறது என்று கண்டு அதற்குப் பெயரும் வைத்தார். இன்று நாம் கார்பன் டை ஆக்சைடு என்பது அதைத்தான். எந்த வாயுவைத் தின்று அந்த வில்லோ வளர்ந்ததோ, அதை அடையாளம் கண்டவரே, அது தன் தொட்டிக்கு மேலே பரவியிருப்பதை அறியாமல் போய்விட்டார். காற்றிலிருந்து வரும் கரியும் (கார்பன்) வேர் உறிஞ்சும் நீரும் சேர்ந்தே செடியின் உடம்பாகின்றன என்பதை ஜெனீவாவைச் சேர்ந்த நிக்கோலா தெ சோசூர் 1804இல் அளந்து காட்டும்வரை அந்த முடிச்சு முழுதாக அவிழவில்லை.

அம்மாவுக்காக நான் கணக்குப் போட்டுப் பார்த்தேன். ஒரு கிலோ கத்தரிக்காயில் 920 கிராம் வெறும் தண்ணீர். மீதி 80 கிராம்தான் நார், மாவு, சர்க்கரை, புரதம் எல்லாம். அந்த 80 கிராமில் கரி மட்டும் ஏறத்தாழ 35 கிராம், முழுக்க முழுக்கக் காற்றிலிருந்து வந்தது. பையிலிருந்து செடி எடுத்துக்கொண்ட தழைச்சத்து, சாம்பல்சத்து, மணிச்சத்து, சுண்ணாம்பு எல்லாவற்றையும் கூட்டினால் சுமார் 8 கிராம் வரும். ஒரு தேக்கரண்டி உப்பைவிடக் கொஞ்சம் கூட, அவ்வளவுதான்.

காற்றில் கார்பன் டை ஆக்சைடு நிறைய இருக்கிறதா என்றால் அதுவும் இல்லை. பத்தாயிரத்தில் நான்கு பங்குதான். பத்தடி நீளம், பத்தடி அகலம், பத்தடி உயரம் உள்ள ஓர் அறையில் அடங்கும் காற்று முழுவதையும் ஒன்றுவிடாமல் சலித்தெடுத்தாலும் 6 கிராம் கரிக்குக் கொஞ்சம் குறைவாகத்தான் தேறும். ஒரு கிலோ கத்தரிக்காய்க்கு ஆறு அறைக் காற்று வேண்டும். இது காய்க்கு மட்டும். இலையும் தண்டும் வேரும் கணக்கில் இல்லை. இடுப்பளவு உயரமுள்ள ஒரு செடி, சத்தமே இல்லாமல், மாடியில் வீசும் காற்றை நாள் முழுக்கச் சலித்து இந்தக் கரியைப் பொறுக்கி எடுக்கிறது. எங்கேருந்து வருது என்று அம்மா கேட்டபோது நான் கையை விரித்து வெறும் காற்றைக் காட்டினேன். அவர் நம்பவில்லை என்பது முகத்தில் தெரிந்தது. எனக்கே நம்பச் சில நாள் பிடித்தது.

ஆறு மாதத்தில் பைக்குள் இருப்பது நாலு விரற்கடை இறங்கிவிடுகிறதே, அதைச் செடி தின்றிருக்காதா என்று தோட்டம் போட்டவர்கள் கேட்பார்கள். பெரும்பங்கு அப்படி இல்லை. எருவும் தேங்காய் நார்க்கழிவும் மக்கும்போது நுண்ணுயிர்கள் அவற்றைத் தின்று, அதிலிருக்கும் கரியை மறுபடி காற்றுக்கே அனுப்புகின்றன. மிச்சம், நீர் ஊற்ற ஊற்ற அமுங்கியது. ஒவ்வொரு பட்டத்துக்கும் இரண்டு கை மண்புழு உரம் போட்டு மேலே நிரப்பச் சொல்வது இதனால்தான். அந்த 8 கிராம் சிறியதுதான், ஆனால் அதில் ஏதாவது ஒன்று குறைந்தாலும் ஆறு அறைக் காற்றும் பயனற்றுப் போகும்.

காற்றின் அருமை எனக்குப் புரிந்தது படித்ததால் அல்ல. முதல் வருடம் நான் வைத்த பன்னிரண்டு தக்காளிச் செடிகளையும் கொன்ற பிறகுதான் புரிந்தது.

கறுப்புப் பைகளை வாங்கினேன். தோட்டத்திலிருந்து வந்த மண்ணை அப்படியே நிரப்பினேன். நீர் வடியட்டும் என்று அடியில் மூன்று அங்குலம் ஜல்லி பரப்பினேன். காலையும் மாலையும் பூவாளி நிறைய ஊற்றினேன். மூன்றாவது வாரம் இலைகள் தொங்கின. தாகம் என்று நினைத்து மதியமும் ஊற்றினேன். கீழ் இலைகள் மஞ்சளாயின. ஒரு செடியைப் பிடுங்கிப் பார்த்தேன். வேர் பழுப்பு நிறத்தில் இருந்தது, விரலால் இழுத்தால் தோல் உருவி நூல் மட்டும் நின்றது, சாக்கடை நாற்றம் அடித்தது. அவை தாகத்தால் சாகவில்லை. மூழ்கிச் செத்தன.

இலை ஒளியைக் கொண்டு சர்க்கரை செய்யும். வேருக்கு ஒளி கிடையாது. அது நம்மைப்போலவே சர்க்கரையை எரித்து, பிராணவாயுவைச் சுவாசித்துத்தான் உயிர்வாழ்கிறது, நீரை உறிஞ்சுகிறது. மண் துகள்களுக்கு நடுவே உள்ள இடைவெளிகளின் வழியாக அந்தப் பிராணவாயு மேலிருந்து கசிந்து வரவேண்டும். இடைவெளி முழுக்க நீர் நிரம்பிவிட்டால், காற்றில் நகர்வதைவிட ஏறத்தாழ பத்தாயிரம் மடங்கு மெதுவாகத்தான் நீருக்குள் அது நகர முடியும். வேர் திணறுகிறது, உறிஞ்சும் வேலையை நிறுத்துகிறது. நீரில் நின்றுகொண்டே செடி வாடுகிறது. வாடுவதைப் பார்த்து மேலும் ஊற்றுகிறோம். புதிதாகத் தோட்டம் போடுகிறவர்கள் கையில் செடிகள் சாவது அதிகமும் இப்படி, அன்பினால்தான்.

நான் ஜல்லி போட்டேனே, நீர் வடிந்திருக்க வேண்டாமா? இதற்கு விடை சமையலறையிலேயே கிடைக்கும். பாத்திரம் துலக்கும் நீளமான பஞ்சு ஒன்றை நீரில் முக்கி எடுத்து, படுக்கை வாட்டத்தில் உள்ளங்கையில் வைத்துக்கொள்ளுங்கள். பிழியவேண்டாம். கொஞ்ச நேரம் சொட்டும், பிறகு நின்றுவிடும். இனி வடிய ஏதுமில்லை என்று தோன்றும். இப்போது அதைச் செங்குத்தாக நிமிர்த்திப் பிடியுங்கள். மறுபடி சொட்டத் தொடங்கும். பஞ்சு அதேதான், நீரும் அதேதான். உயரம் கூடியதும், தாங்கி நின்ற நீர்த்தம்பத்தின் எடை கூடி, கொஞ்சம் நீர் வெளியே தள்ளப்படுகிறது. ஆனால் எப்படிப் பிடித்தாலும் பஞ்சின் அடிப்பகுதியில் ஒரு பட்டை சொதசொதவென்று நீரோடு நிற்கும். நுண்துளைகள் நீரைப் பிடித்துக்கொள்ளும் வலிமையும் நீரின் எடையும் அந்த உயரத்தில் சமமாகி நிற்கின்றன.

ஒவ்வொரு பையின் அடியிலும் இப்படி ஒரு நீர்ப்பட்டை உண்டு. அதன் உயரத்தைத் தீர்மானிப்பது பையில் உள்ள கலவையின் துளைகள். பை பெரிதா சிறிதா என்பதற்கு அதில் பங்கில்லை. நுண்ணிய களிமண் என்றால் பட்டை உயரமாக இருக்கும், பொலபொலப்பான கலவை என்றால் குட்டையாக இருக்கும். ஆகவே அரையடி ஆழத் தட்டில் களிமண்ணைப் போட்டால் வேருக்கு மிஞ்சுவது வெறும் சகதி. கழனியில் இந்தத் தொல்லை இவ்வளவு இல்லை. மண் அடியில் ஆள் ஆழத்துக்கும் மேல் தொடர்ந்து இறங்குவதால் மேல்மண்ணின் நீரைக் கீழ்மண் இழுத்துக்கொள்கிறது. பையில் அந்தத் தொடர்ச்சியை நாம் வெட்டிவிடுகிறோம்.

ஜல்லி நிலைமையைக் கெடுக்கத்தான் செய்தது. சிறு துளையில் சிக்கிய நீர், பெரிய இடைவெளிக்குள் தானாக இறங்காது. மேலே உள்ள மண் முழுக்க நனைந்து தளும்பினால்தான் ஜல்லிக்குள் சொட்டும். அதனால் நீர்ப்பட்டை பையின் அடியிலிருந்து ஜல்லிக்கு மேலே ஏறி உட்கார்ந்துகொண்டது. வேருக்கு இருந்த ஆழத்தில் மூன்று அங்குலத்தை நானே திருடிவிட்டேன். ஓட்டுச் சில்லு, உடைந்த செங்கல், எதைப் போட்டாலும் இதே கதைதான். பையின் அடித்துளை அடைக்காமல் இருக்க ஒரு துண்டுத் தேங்காய் நார் போதும்.

கறுப்புப் பை செய்த கேடு வேறு. மே மாத வெயிலில் மாடித் தரையில் வெறுங்காலை வைக்க முடியாது. அந்தத் தரையில் நிற்கும் கறுப்புப் பையின் ஓரக் கலவை தொட முடியாத அளவுக்குக் கொதிக்கிறது. சூடு ஏறினால் வேரின் மூச்சு வேகமாகிறது, அதற்குப் பிராணவாயு அதிகம் வேண்டும். அதே சமயம் சூடான நீரில் பிராணவாயு கரைவது குறைகிறது. 25 டிகிரியில் ஒரு லிட்டர் நீர் 8 மில்லிகிராமுக்குச் சற்று மேல் கொள்ளும், 35 டிகிரியில் 7கூட இல்லை. தேவை ஏறும் நேரத்தில் வரவு இறங்குகிறது. வெளிப்புறம் வெள்ளையாக உள்ள பையும், ஒன்றையொன்று நிழல் போர்த்தும்படி நெருக்கி அடுக்குவதும், விடியற்காலை நீர் ஊற்றுவதும் இந்த மூச்சுத்திணறலுக்கு மருந்து.

இவ்வளவும் தெரிந்த பிறகு நார்க்கழிவின்மேல் எனக்குத் தனி மரியாதை வந்துவிட்டது. தேங்காய் மட்டையிலிருந்து கயிற்றுக்கு நாரை உருவிய பின் உதிரும் தூள் அது. பொள்ளாச்சிப் பக்கம் கயிற்று ஆலைகளின் ஓரம் குன்றுபோலக் குவிந்து, யாருக்கும் வேண்டாததாகக் கிடந்த பொருள். ஒவ்வொரு துகளும் பஞ்சுபோல் தன் உள்ளே நீரைப் பிடித்துவைக்கும். துகளுக்கும் துகளுக்கும் இடையே காற்று தங்கும். ஈரமும் மூச்சும் ஒரே இடத்தில். தன் எடையைப்போல் பல மடங்கு நீரை அது தாங்கும். கட்டியாக அழுத்தி விற்பார்கள், நீரில் போட்டால் பல மடங்கு உப்பிவரும். ஒரு எச்சரிக்கை: அதில் உப்பு இருக்கும். கட்டியை ஊறவைத்து, நிறம் வெளுக்கும்வரை இரண்டு மூன்று முறை அலசிப் பிழிந்துவிட்டுத்தான் பயன்படுத்த வேண்டும். அதில் தழைச்சத்தும் மிகக் குறைவு. செம்மண் ஒரு பங்கு, அலசிய நார்க்கழிவு ஒரு பங்கு, நன்றாக மக்கிய எரு அல்லது மண்புழு உரம் ஒரு பங்கு, கைப்பிடி வேப்பம்புண்ணாக்கு. நான் இதிலிருந்து இதுவரை மாறவில்லை. 2013-14இல் தமிழகத் தோட்டக்கலைத் துறை சென்னையிலும் கோவையிலும் மானிய விலையில் மாடித்தோட்டத் தளைகளைக் கொடுக்கத் தொடங்கியபோதும் பையோடும் விதையோடும் வந்தது நார்க்கழிவுக் கட்டிதான்.

மண்ணைவிட எடை குறைவு என்பதால் கட்டடத்துக்கும் நார்க்கழிவே நல்லது. ஆட்கள் ஏறிப் புழங்கும் மொட்டை மாடிக்கு இந்தியத் தரநிலை சொல்லும் பயன்பாட்டுச் சுமை சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 150 கிலோ. ஒரு சதுர மீட்டரில் 20 சென்டிமீட்டர் உயரத்துக்கு ஈர மண்ணைப் பரப்பினால் 350 கிலோவைத் தாண்டும். பாத்தி கட்டி மண்ணைக் கொட்டுவது ஆபத்தானது என்பதற்கு இந்த ஒரு கணக்கு போதும். பைகளைத் தனித்தனியாக, சுவர் ஓரமாகவும் உத்தரம் ஓடும் இடத்திலும், அடியில் செங்கல் கொடுத்து வையுங்கள். பழைய சுண்ணாம்புக் காரை மாடி என்றால் பொறியாளரைக் கேட்காமல் ஒரு பையும் ஏற்றவேண்டாம்.

இரண்டாம் வருடம் நான் தக்காளியை ஒதுக்கிவிட்டுத் தண்டுக்கீரையில் தொடங்கினேன். அக்னி நட்சத்திரம் கொளுத்துகிற நாள். பக்கத்து மாடித் தக்காளிகள் பூத்துப் பூத்து உதிர்த்துக்கொண்டிருந்தன. கீரையோ விதைத்து இருபத்தைந்தாம் நாள் கையளவு உயரத்தில் சிலுசிலுவென்று நின்றது. ஒரே வெயில், ஒரே கலவை. ஏன் இந்த வேறுபாடு?

எல்லாப் பச்சை இலைகளிலும் காற்றின் கரியைப் பிடிக்கும் ஒரு புரதம் இருக்கிறது. ரூபிஸ்கோ என்று பெயர். அதற்கு ஒரு குறை உண்டு. கார்பன் டை ஆக்சைடு என்று நினைத்துப் பல முறை பிராணவாயுவைப் பிடித்துவிடும். பூமியின் காற்றில் பிராணவாயு அநேகமாக இல்லாத பழங்காலத்தில் தோன்றிய புரதம் அது. அன்று இரண்டையும் பிரித்தறிய வேண்டிய தேவையே இருக்கவில்லை. இன்று அந்தத் தவறுக்குச் செடி தன் சர்க்கரையில் ஒரு பங்கை அபராதம் கட்டுகிறது. வெப்பம் கூடக்கூடத் தவறும் கூடுகிறது. தக்காளி, கத்தரி, வெண்டை எல்லாம் இந்த அபராதத்தோடு வாழ்பவை.

தண்டுக்கீரை ஒரு வழி கண்டுபிடித்திருக்கிறது. அதன் இலை நரம்பைச் சுற்றி ஒரு மாலைபோல் தடித்த அறைகள் அமைந்திருக்கின்றன. வெளி அறைகள் முதலில் வேறொரு புரதத்தால் கரியைப் பிடிக்கின்றன. அந்தப் புரதம் பிராணவாயுவிடம் ஏமாறாது. பிடித்ததை உள் மாலை அறைகளுக்கு ஏற்றி அனுப்பி, அங்கே அவிழ்த்துவிடுகின்றன. உள்ளே கார்பன் டை ஆக்சைடு நெருக்கியடித்து நிற்கிறது. அங்கே காத்திருக்கும் ரூபிஸ்கோவுக்குத் தவறு செய்ய வாய்ப்பு குறைவு. கரும்பிலும் சோளத்திலும் அருகம்புல்லிலும் இதே ஏற்பாடுதான். கரும்பை ஆராய்ந்து இந்த வழியை 1966இல் விளக்கியவர்கள் ஆஸ்திரேலியாவின் பிரிஸ்பேன் நகரில் வேலை செய்த மார்ஷல் ஹேட்ச், ரோஜர் ஸ்லாக் இருவரும். இப்படிப்பட்ட இலை, மூச்சுத் துளைகளை அதிகம் திறக்காமலே போதிய கரியைச் சேர்த்துவிடுகிறது. அதனால் ஒரு கிராம் வளர, தக்காளி செலவழிக்கும் நீரில் சுமார் பாதியே அதற்குப் போதும். சென்னை வெயிலுக்கென்றே செய்த இலை என்று சொல்லத் தோன்றுகிறது.

தக்காளிப் பூ உதிர்வதற்கு இன்னொரு காரணம் இரவு. இரவு வெப்பம் 20 டிகிரியை ஒட்டி இருந்தால்தான் அதன் மகரந்தம் நன்றாக உருவாகும். சென்னையின் மே மாத இரவு 27, 28க்குக் கீழே இறங்குவது அரிது. மார்கழி, தை இரவுகளில் பூக்கும்படி நாற்று விட்டால் அதே செடி கொத்துக் கொத்தாகக் காய்க்கும். ஆடிப் பட்டம் தேடி விதை என்றவர்கள் பட்டத்தைத் தேடச் சொன்னார்கள். அந்தச் சொல்லுக்கு மாடியில் மதிப்பு இன்னும் கூடுகிறது.

காற்றிலிருந்து சோறு எடுக்கும் இன்னொரு வித்தையைக் கண்ணால் பார்க்க ஆசை இருந்தால் ஒரு பையில் காராமணி போடுங்கள். காய்ப்பு முடிந்து செடியைப் பிடுங்கும்வரை காத்திருக்காமல், பூக்கும் சமயம் ஒன்றை மட்டும் மெல்ல எடுத்து வேரை அலசுங்கள். கேழ்வரகு அளவில் முண்டுகள் தெரியும். ஒன்றை நகத்தால் கிள்ளினால் உள்ளே இளஞ்சிவப்பு. எங்கள் வீட்டுக் குழந்தைகள் இதைப் பார்த்து 'ரத்தம்' என்றார்கள். அவர்கள் சொன்னதில் பெரிய தவறில்லை. நம் ரத்தத்துக்குச் சிவப்பு தரும் ஹீமோகுளோபினின் உறவுக்காரப் பொருள் அது. முண்டுக்குள் வாழும் பாக்டீரியாக்கள் காற்றின் தழைச்சத்தைப் பிடித்துச் செடிக்குக் கொடுக்கின்றன. அந்த வேலையைச் செய்யும் நொதி பிராணவாயு பட்டால் பாழாகிவிடும், ஆனால் பாக்டீரியா மூச்சுவிடப் பிராணவாயு வேண்டும். அந்தச் சிவப்புப் பொருள் பிராணவாயுவைக் கைப்பிடியில் வைத்துக்கொண்டு வேண்டிய அளவு மட்டும் அளந்து விடுகிறது.

பூக்களில் எனக்குப் பிரியமானது கத்தரிப் பூ. ஊதா இதழுக்கு நடுவே மஞ்சள் கூம்பாகக் கூடி நிற்கும் மகரந்தப் பைகளின் நுனியில் ஊசித்துளைதான் இருக்கும். உப்பு டப்பாவைக் குலுக்குவதுபோல் குலுக்கினால்தான் மகரந்தம் கொட்டும். கருவண்டு வந்து பூவைக் கவ்விக்கொண்டு, இறக்கையை அசைக்காமல், பறக்கும் தசைகளை மட்டும் அதிரவிடும். அப்போது அதன் ரீங்காரம் பறக்கும்போது கேட்பதைவிட உச்சத்தில் கேட்கும். தேனீக்கு இந்த வித்தை தெரியாது. உயரமான மாடிகளுக்குக் கருவண்டு வருவது குறைவு. அங்கே காற்று உலுக்கும், அதுவும் போதாத நாளில் நான் பூக்காம்பை விரலால் சுண்டிவிடுகிறேன். கத்தரியில் எல்லாப் பூவும் காய்க்காது என்பதையும் சொல்லவேண்டும். சூல்தண்டு மஞ்சள் கூம்பைத் தாண்டி வெளியே நீண்டிருக்கும் பூதான் பெரும்பாலும் காயாகும். உள்ளேயே குறுகி நிற்கும் பூ உதிர்ந்துவிடும். அதற்காக மருந்துக் கடைக்கு ஓடவேண்டாம்.

சாயங்காலம் ஏறினால் பீர்க்கு விரியும். பாகல் விடியலில் திறக்கும், பீர்க்கும் சுரையும் பொழுது சாயக் காத்திருக்கும், புடலை இருட்டிய பிறகு வெள்ளைச் சரிகைபோல் விரியும். பசலை பாய்ந்த பெண்ணின் நிறத்துக்குப் பீர்க்கம்பூவை உவமை சொன்ன சங்கப் புலவர்கள் இந்த அந்தி மஞ்சளைத்தான் பார்த்திருக்க வேண்டும். பெண் பூவின் அடியில் பிஞ்சு இருக்கும். பூச்சி வராத மாடி என்றால், பூ விரியும் அந்த நேரத்தில் ஆண் பூவைப் பறித்து அதில் தொட்டு வையுங்கள்.

தோட்டம் தொடங்க நினைப்பவரிடம் நான் கேட்பது ஒன்றுதான். இரண்டு பையும் பத்து ரூபாய்க் கீரை விதையும் போதும். தினமும் நீர் ஊற்றுமுன் விரலை இரண்டு கணு ஆழத்துக்குக் கலவையில் விட்டுப் பாருங்கள். விரலில் ஈரம் ஒட்டினால் பூவாளியைக் கீழே வைத்துவிடுங்கள். வேர் மூச்சு விடட்டும்.